மாமாவின் வலது கால்

வாழைச்சேனை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பின் நிலோவுக்கு,

நான் சுகம். கல்குடாவில் அம்மாவும் சுகம். கச்சான் காற்று அடிப்பதால் முற்றமெல்லாம் புழுதி. ஆனால் கடல் அமைதியாக இருக்கிறது, அண்ணாமாருக்கு நல்ல மீன் படுகிறது. அங்கே கட்டாரில் இந்த மாதங்களில் வெயில் மோசம் என்று உங்களோடு வேலை செய்யும் அஸாம் சொன்னார். நீங்கள் தண்ணீர் குடிக்க மறக்கிற ஆள் என்பதையும் அவரே சொன்னார். அவர் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புவதால் இதை அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

தினமும் போனில் கதைக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் அப்பாவின் பெயரை எடுத்தால் நீங்கள் “சரி, சரி” என்று வேறு கதைக்குப் போய்விடுகிறீர்கள். தை மாதத்தில் மாமாவை எருமை முட்டிவிட்டது, ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்று நான் சொன்னபோது “ம்” என்றீர்கள். பிறகு அங்கே மணற்காற்று அடிப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். நான் வற்புறுத்தவில்லை. தன் தங்கச்சியின் மகளை உங்களுக்குக் கலியாணம் செய்து வைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருக்க, நீங்கள் கல்குடாவுக்கு வந்து என்னைக் கட்டினீர்கள். “எனக்கு மகன் இல்லை” என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு. அதை நீங்களும் நானும் எப்படிக் கேட்டோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் நடந்ததை நீங்கள் முழுதாக அறிந்திருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பட்டிப் பொங்கலுக்கு மாமி என்னை வரச் சொன்னார். அவருக்கு முழங்கால் நோவு, பானை தூக்க ஆள் வேண்டும். வெள்ளம் வடியாததால் கிரானில் உங்கள் வீட்டிலிருந்து மேய்ச்சல்தரைக்குத் தோணியில்தான் போனோம். மாமா நான் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமி தந்த வேலையைச் செய்துகொண்டு நான் ஒதுங்கி நின்றேன்.

பொங்கிப் படைத்த பிறகு மாமா மாடுகளுக்கு மாலை போடப் போனார். கன்று ஈன்று சில நாட்களே ஆன எருமை ஒன்று வேலியோரம் நின்றது. அக்கரையில் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். கன்று மிரண்டு மாமாவின் பக்கம் ஓடியது, தாய் அதன் பின்னால் வந்தது. அவர் ஆயுள் முழுக்க மாடுகளோடு நின்றவர், விலகத் தெரியாதவரில்லை. விலக இடமில்லை. கொம்பு வலது தொடையின் முன்பக்கத்தில், இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போனது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, துடித்துத் துடித்து வந்துகொண்டிருந்தது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவருகிற நாடி அறுந்தால்தான் அப்படி வரும். பிசியோதெரபி படித்தபோது இந்த இடத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். தொடை இடுப்போடு சேரும் இடத்தில் நரம்பும் நாடியும் நாளமும் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. வெளிப்பக்கத்தில் நரம்பு, நடுவில் நாடி, உட்பக்கத்தில் இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளம். அவற்றுக்கு மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும் மெல்லிய உறையும்தான் இருக்கின்றன. உடம்பில் இவ்வளவு பெரிய நாடி இவ்வளவு வெளியே வரும் இடங்கள் குறைவு. உங்கள் மச்சான் துசாந்தன் தன் இடுப்புச் சாறனைக் கிழித்துத் தொடையைக் கட்ட வந்தான். காயத்துக்கு மேலே கட்டுவதற்கு இடமே இல்லை. ஆனால் மடிப்பின் நடுவில் அந்த நாடி இடுப்பென்பைத் தாண்டித்தான் கீழே வருகிறது. அங்கே வைத்து எலும்போடு சேர்த்து நசுக்கினால் கீழே போகிற இரத்தம் நிற்கும். நான் மாமாவின் சாறனை விலக்கி, அந்த இடத்தில் கைமுட்டியை வைத்து, என் முழுப் பாரத்தையும் அதில் இறக்கினேன். இரத்தம் குறைந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் ஏதோ சொன்னார்கள். மாமி மட்டும் “பேசாம நில்லுங்க, அவள் படிச்ச புள்ள” என்றது காதில் விழுந்தது.

அப்படியே தூக்கித் தோணியில் ஏற்றினார்கள். நான் கையை எடுக்காமலே கூட ஏறினேன். துசாந்தன் இயந்திரத்தைப் பிடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். மாமாவுக்கு நினைவு இருந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “கைய எடு புள்ள” என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஏலா மாமா. எடுத்தாப் போயிருவீங்க” என்றேன்.

“போனாப் போறன். நாலு பேர் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், சத்திரசிகிச்சை அறைக்குள் வேறொருவர் என் கைக்குப் பதிலாகக் கை வைக்கும்வரை நான் எடுக்கவில்லை. பிறகு என் விரல்களை விரிக்க முடியவில்லை. தாதி ஒருவர் வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

பெரிய நாடி தப்பிவிட்டது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். அதிலிருந்து பிரிந்து உள்ளே இறங்கும் ஆழ்நாடியும் தப்பியிருந்தது. அறுந்தது, அந்த ஆழ்நாடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தொடையைச் சுற்றிப் போகிற கிளை. அதைக் கட்டிவிட்டார்கள். அது இல்லாமலும் கால் வாழும். பிரச்சினை வேறு. தொடை நரம்பு பல இழைகளாகப் பிரிகிற இடத்துக்கு நடுவால்தான் அந்தக் கிளை போகிறது. கொம்பு இரண்டையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறது. இழைகள் சில கிழிந்து, மற்றவை நசுங்கியிருந்தன. கிழிந்ததைத் தைத்தார்கள். நசுங்கியதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதனால் என்ன ஆனது என்றால், தொடையின் முன்பக்கத்தில் நான்கு தலைகளோடு கிடக்கும் பெரிய தசை வேலை செய்யவில்லை. முழங்காலை நீட்டுவது அந்தத் தசைதான். தொடையின் பின்பக்கத் தசைகளுக்கு நரம்பு பிட்டத்துக்குள்ளால் வேறு வழியில் வருகிறது, உட்பக்கத் தசைகளுக்கு இன்னொரு நரம்பு. அவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆகவே மாமாவால் முழங்காலை மடிக்க முடியும், இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்க முடியும், குதிகாலை உயர்த்த முடியும். எழுந்து நின்றால் மட்டும் முழங்கால் மடிந்து விழுந்துவிடுவார். ஒன்றும் தெரியாதவர்கள் பார்த்தால் நடிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் பிசியோதெரபி பகுதிக்குத்தான் அவரை அனுப்பினார்கள். நான் சிகிச்சை செய்யக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். றிஸான் செய்தார். உங்களுக்கு நினைவிருக்கும், ஏறாவூர் றிஸான், என்னோடு வேலை செய்பவர். பொறுமையான மனிதர். ஆனால் மாமா சில தடவைகள் வந்துவிட்டு நிறுத்திவிட்டார். காரணத்தை மாமி சொன்னார். கிரானில் கதை பரவியிருந்தது. மருமகள் மாமனாரின் சாறனுக்குள் கை வைத்ததும், தோணியில் மேலே ஏறி இருந்ததும் சிரிப்பதற்கு நல்ல கதைதானே. பெரிய வயற்காரர் என்று மதித்து, போடியார் என்று கூப்பிட்டு எழும்பி நின்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். உங்கள் அப்பா வாசலுக்கே வருவதில்லை. சாய்வுக் கதிரையில் இருந்தபடியே இருந்தார். தசை நாளுக்கு நாள் வற்றியது.

பிறகு ஒரு காலை, மாமி போன் எடுத்து உடனே வரச் சொன்னார். மாமா தன் காலைப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே உட்பக்கத்தில் எறும்புகள் மொய்த்திருக்கின்றன. கடித்து இரத்தம் வந்திருக்கிறது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்துவிட்டார். அவர் பயந்து நான் கண்டது அன்றுதான். தோணியில்கூடப் பயப்படவில்லை.

நான் போய் அவர் காலருகே நிலத்தில் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “இந்தக் கால் செத்திட்டா? உள்ளதச் சொல்லு புள்ள” என்றார்.

“சாகல்ல மாமா” என்றேன். தொடையின் முன்பக்கத்திலும் கணுக்கால் வரை உட்பக்கத்திலும் உணர்ச்சி கொடுப்பது அதே நரம்புதான், அதனால்தான் எறும்பு தெரியவில்லை என்று சொன்னேன். பஞ்சை எடுத்து வெளிப்பக்கத்தில் தொட்டேன். “ஓம், தெரியிது” என்றார். பாதத்தின் அடியில் தொட்டேன். தெரிந்தது. உட்பக்கத்தில் தொட்டேன். தெரியவில்லை என்று தலையை அசைத்தார். எல்லை எங்கே என்று அவர் தானே பஞ்சை வாங்கிப் பார்த்தார். வயல் வரம்பு பார்ப்பதுபோல மெதுவாகப் பார்த்தார்.

நசுங்கிய இழை மேலேயிருந்து மறுபடி வளர்ந்து வரும் என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்றேன்.

“நெல்லே மூணு நாலு மாசத்தில விளைஞ்சிரும்.”

“இது நெல்ல விடச் சுணக்கம் மாமா.”

“மறுகா கட்டாயம் வருமா?”

“கட்டாயம் எண்டு சொல்ல மாட்டன். வராமலும் போகலாம்.”

அவர் தன் காலை இரண்டு கைகளாலும் தூக்கி என் பக்கம் வைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சி கொடுக்கப் போகிறேன், மற்ற நாட்களில் மாமி செய்விக்கிறார். பிட்டத் தசையை இறுக்கிக் குதிகாலை ஊன்றினால் தொடையென்பு பின்னுக்குப் போய் முழங்கால் பூட்டிக்கொள்ளும். அதைப் பழக்கினேன். முழங்காலுக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நடக்கவும் பழகிவிட்டார். சரியான சிகிச்சை அதில்லை, ஆனால் விழாமல் நடக்கிறார். தசைகளின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். சப்பணமிட உதவுகிற நீளமான தசைக்குத் தையற்காரத் தசை என்று பெயர் என்றதும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்கள் சிரிப்புத்தான்.

சித்திரையில் சிறுபோக நெல் விதைப்புக்கான விவசாயிகள் கூட்டத்துக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறை பற்றி அவர் ஏதோ சொல்ல, பின்வரிசையில் ஒருவர், “போடியார், மருமகள் இன்னும் கை வைக்கிறாவாமே” என்றிருக்கிறார். சபை சிரித்திருக்கிறது. மாமா தொடையில் கையை ஊன்றி எழுந்து நின்றாராம். “ஓம், வைக்கிறா” என்றாராம். “அண்டைக்கு அவ கை வைக்காட்டி என்ர செத்தவீட்டு முப்பத்தொண்டுச் சோத்த நீங்க எப்பவோ திண்டு முடிச்சிருப்பீங்க. இப்ப தண்ணியப் பத்திக் கதைப்பம்.” அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று துசாந்தன் சொன்னான். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். அவனும் அவன் தாயும் இப்போது மாமாவைப் பார்க்க வருகிறார்கள். உங்களுக்குப் பேசியிருந்த அவன் தங்கச்சிக்குப் போன வருடம் இரட்டைப் பிள்ளைகள். உங்களைச் சுகம் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

போன ஞாயிறு வழக்கம்போல முழங்காலை நீட்டப் பார்க்கச் சொன்னேன். கால் அசையவில்லை. ஆனால் முழங்காலுக்கு மேலே உட்பக்கத்தில் வைத்திருந்த என் விரலுக்கடியில் தசை துடித்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மறுபடியும் துடித்தது. தசையின் பலத்தைப் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை நாங்கள் அளக்கிறோம், அது ஒன்று. அவருடைய விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். நெடுநேரம் விரலை எடுக்காமல் இருந்தார்.

ஒன்று ஐந்தாகும் என்று நான் அவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்ல முடியாது. கைவிடாமல் செய்தால் வருடக் கடைசியில் தடியில்லாமல் நடக்கலாம். சேற்றில் இறங்குவது இனி இல்லை என்றே நினைக்கிறேன். மழைக்காலப் பெரும்போகத்துக்கு வயல் வட்டையை யார் பார்ப்பது என்று மாமி கேட்டார். மாமா வாசலைப் பார்த்தார்.

நான் புறப்படும்போது அவர் மாமியிடம், “கட்டாரில இப்ப என்ன நேரம்?” என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “அப்ப வேலைக்குப் போற நேரம்” என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது, நிலோ. அவருடைய பிள்ளையான உங்களுக்கு அது தெரியும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கலியாணத்தைப் பற்றியோ வாக்கைப் பற்றியோ ஒன்றும் கதைக்க வேண்டாம். ஞாயிறு காலை மாமியின் போனுக்கு எடுங்கள், நான் அங்கே இருப்பேன், அவர் கையில் கொடுப்பேன். “அப்பா, கால் எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கிறது. எந்தத் தசை துடிக்கிறது, எதுவரை உணர்ச்சி வந்திருக்கிறது என்று எல்லாம் சொல்வார். நீளமாகத்தான் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

சித்தாண்டி முருகன் உங்களை அந்த வெயிலில் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எண்ணியிருக்கும்
வதனி