இரண்டு குளத்திலும் என் அளவுகோல்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அந்தக் குளிர் ஊரில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். மின்னஞ்சல் அனுப்பினால் அம்மாவின் கணினியில் தெரிந்துவிடும் என்று பயம். உங்கள் முகவரியை உங்கள் கட்டுரையின் அடியிலிருந்துதான் எடுத்தேன்.

ஆமாம், நத்தைக் கட்டுரையைப் படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு அதில் என்ன புரியும் என்று சிரிப்பீர்கள். பாதி புரியவில்லைதான். ஆனால் அம்மா நடத்தும் ஆய்விதழை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாமே. காசு கேட்கும் இதழாக இருந்திருந்தால் அது என் கண்ணிலேயே பட்டிருக்காது. நான் திறந்தது நத்தைக்காக இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். கல்லூரியில் உங்களுக்குப் பாடம் எடுத்த அம்மாவுக்கு நன்றி இருந்தது. கல்லூரி வேன் ஓட்டுநருக்குக்கூட இருந்தது.

கட்டுரை வெளியான நாளிலிருந்து அம்மா சமைக்கும்போது பாடுகிறாள். என் அறிவியல் விடைத்தாளைக் காட்டினேன். "ம்ம், நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அவ உன் வயசுல எப்படி இருந்திருப்பான்னு யோசிச்சுப் பாரு" என்றாள். நீங்கள் டீ குடித்த நீலக் குவளையில் இந்த வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது, தெரியுமா? ஒரு நாள் நான் குடித்தேன். கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

துணை ஆசிரியரிடம் அம்மா போனில் பேசியதையும் கேட்டிருக்கிறேன். "அவ நம்ம வீட்டுப் பொண்ணு சார். அதனாலதான் அந்தக் கட்டுரைய நான் தொடவே இல்ல. யார்கிட்ட மதிப்பீட்டுக்கு அனுப்பணும், போடலாமா வேண்டாமா, எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்றாள். நியாயம் பார்ப்பதில் அம்மாவை அடித்துக்கொள்ள முடியாது. "உங்கம்மா கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு பாக்கவே, பேர் சொல்லாத மூணு பேர்கிட்ட அனுப்புவா" என்று அப்பா கிண்டல் செய்வார். எனக்கு அந்த நியாயம் எதுவும் காதில் ஏறவில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு என்றதுதான் ஏறியது. அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

இப்போது பயமான விஷயத்துக்கு வருகிறேன். மூலப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி இணைக்க வேண்டும் என்பது அம்மாவின் விதி. அவற்றையும் திறந்தேன். வெள்ளைத் தட்டில் நத்தைகள், பக்கத்தில் அளவுகோல். எங்கள் பள்ளிக் குளம் என்று ஒரு படம். ஆலைக் கழிவு கலக்கும் குளம், அடுத்த வாரம் எடுத்தது என்று இன்னொன்று. இரண்டிலும் இருப்பது என் அளவுகோல். முனை உடைந்து, நடுவில் பச்சை மை கொட்டியது. பள்ளிக் குளத்தில் படம் எடுத்த அன்று அதை உங்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே? அன்று மாலையே என் கை வழுக்கி அது பள்ளிக் குளத்தில் விழுந்து மூழ்கிவிட்டது. நான் அழுதேன், நீங்கள் எனக்குப் புதிது வாங்கித் தந்தீர்கள். மூழ்கிப்போன அளவுகோல் அடுத்த வாரம் ஆலைக் குளத்துக்கு எப்படி வந்தது, அக்கா?

படங்கள் தவறுதலாக மாறிப் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. இல்லை, வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அம்மாவுக்குத் தெரிய வேண்டும், பாட்டு நிற்க வேண்டும் என்று இன்னொரு மனசு குதிக்கிறது. கட்டுரைக்குக் கீழே யாரும் கருத்து எழுதலாம் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் பெயர் போடாமல் எழுதினேன். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பெயர் போடாவிட்டாலும், அந்த அளவுகோல் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியாதா? "அவ மேல உனக்கு எப்பவும் ஒரு காந்தல்டி" என்று முன்பே சொல்லியிருக்கிறாள். நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பாள். பொறாமைதான். ஆனால் படம் படம்தானே?

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. நேர்மையான இலவச இதழ்களின் பட்டியலில் அம்மாவின் இதழைச் சேர்க்க வெளியாட்கள் பரிசோதிக்கப் போகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ் என்று போன முறை சந்தேகப்பட்டுத் தள்ளிவிட்டார்கள். அம்மா அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த முறை உங்கள் கட்டுரையைத்தான் முதல் மாதிரியாக அனுப்பியிருக்கிறாள். அவர்களும் மூலப் படங்களைத் திறப்பார்கள் அல்லவா?

அதனால் கேட்கிறேன். நீங்களே அம்மாவுக்கு எழுதிவிடுங்கள். எழுதியவரே தவறைச் சொன்னால் திருத்தம் போடலாம், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறலாம், அதனால் இதழின் மானம் போகாது என்று அம்மா வகுப்பில் சொல்வாளாம். நான் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். நீங்களாகக் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும். அம்மா கோபப்பட மாட்டாள். உங்களை நினைத்து அழுவாள், பிறகு எவ்வளவு தைரியமான பெண் என்று ஒரு மாதம் உங்களையே புகழ்ந்துகொண்டிருப்பாள். புகழட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மாவை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே பனி அதிகமாமே.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பேரிலேயே,
வாலு