வெதர்பியின் மூலை

நவம்பர் 14
மாலையில் எங்கள் தெருவில் ஆதரவு கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டினேன். எல்லோரும் கவர்னர் வெதர்பிக்குத்தான் என்கிறார்கள். எங்கள் ஐயோவா மாநிலத்திலிருந்து ஒரு ஜனாதிபதி! எதிர்வீட்டு வெர்லா மட்டும் கதவைப் பாதி திறந்து நின்றாள். "நம்ம ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடப்போறாங்களாமே. என் மக கெய்லினுக்கு மார்ச்சுல நாள். உன் ஆளு என்ன சொல்றாரு?"
"மூட விடமாட்டாரு."
"அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"
துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 15
துண்டறிக்கையை நானே படித்துப் பார்த்தேன். "கிராமங்களோடு நிற்பேன்" என்று இருக்கிறது. வார்டைப் பற்றி ஒன்றுமில்லை.

டிசம்பர் 7
கவர்னர் வந்தார். பள்ளி உணவறையில் எல்லோருக்கும் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும். என் முறை வந்ததும் கேட்டேன்: "பிரசவ வார்டை மூடாம பார்த்துப்பீங்களா?" என் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நோரீன், உங்கள மாதிரி ஆளுங்கதான் எனக்குத் தெம்பு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்துக்கொண்டோம்.
காரில் என் கணவன் டுவேனிடம் சொன்னேன், "என் பேர் தெரிஞ்சிருக்கு அவருக்கு!"
"தெரியாம என்ன? நெஞ்சுல இம்மாம் பெருசா எழுதி ஒட்டியிருக்கியே." கொஞ்ச தூரம் போனதும், "சரி, வார்டுக்கு என்ன சொன்னாரு?"
யோசித்தேன். வீடு வந்துவிட்டது.

ஜனவரி 11
வார்டைப் பற்றிக் கேட்கப் பிரசார அலுவலகத்துக்கு மறுபடியும் போன். "இப்பப் போய் இந்தக் கேள்வியா? எதிராளிக்கு எடுத்துக் குடுக்காதீங்க. அவரை நம்புங்க" என்றான் அங்கே வேலை செய்யும் பிரென்ட் என்ற பையன்.
நம்பிக்கொண்டுதானே இருக்கிறேன்? நம்பாதவள் எதற்குக் கேட்கப் போகிறாள்? மற்ற வேட்பாளர்கள் இவரைவிட மோசம் — அதனால் இவரிடம் கேட்கவே கூடாதா?

ஜனவரி 24
வார்டு மாதக் கடைசியில் மூடப்படுகிறது. கவர்னரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதம் கட்சியின் காகஸ் கூட்டம்: அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நின்றுதான் ஓட்டைக் காட்ட வேண்டும்.
"இருந்தாலும் நம்ம ஆளு" என்கிறான் டுவேன். "வேற எவன் மூலைல போய் நிப்ப? ஓட்டுப்பெட்டின்னா மறைச்சுக்கலாம். இங்க ஊரே பாக்க நிக்கணும்."

பிப்ரவரி 2
நாளைக்குக் காகஸில் வெதர்பிக்காக நான்தான் பேச வேண்டும். என்ன பேசுவது? நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

பிப்ரவரி 3
பள்ளி ஜிம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. முடிவு செய்யாதவர்கள் நடுவில். எங்கள் மூலைதான் பெரிய கூட்டம். நான் பேச எழுந்ததும் நடுவிலிருந்து வெர்லா கத்தினாள்: "நோரீன், நேர்லயே கேட்டியாமே! என்ன சொன்னாரு?"
"ஒண்ணும் சொல்லல" என்றேன். "உன் வீட்டு வாசல்ல நின்னு சொன்னது நானாச் சொன்னது."
பின்னாலிருந்து யாரோ, "ஏம்மா, நீ எந்தப் பக்கம்?" என்றார்.
வெதர்பி பேட்ஜைக் கழற்றி டுவேன் கையில் கொடுத்தேன். நடுவுக்கு நடந்தேன். வெர்லா நகர்ந்து இடம் விட்டாள்.
எங்கள் வட்டாரத்தில் வெதர்பிதான் ஜெயித்தார். சுலபமாக. திரும்பும்போது டுவேன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 9
தேவாலயத்தில் எங்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. நான் செய்தது சரிதானா?

மார்ச் 19
கெய்லினுக்கு வலி. வெளியே பனிப்புயல். வெர்லாவின் கார் கிளம்பவில்லை. நான் கேட்பதற்குள் டுவேன் சாவியை எடுத்துவிட்டான். மேசன் சிட்டி ஆஸ்பத்திரி வரை ஊர்ந்து போனோம். கெய்லின் பின்சீட்டில் என் கையை நசுக்கிவிட்டாள்.
காத்திருப்பு அறையில் டிவி. வெதர்பி, எங்கோ ஒரு மேடையில். வெர்லா ரிமோட்டை எடுத்தாள். "மாத்திடவா?"
"இருக்கட்டும்" என்றான் டுவேன். "என்னதான் சொல்றாருன்னு கேப்போம்." ரிமோட்டை வாங்கி ஒலியைக் கூட்டினான்.
மூவரும் கேட்டோம். நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.