மூச்சுக் குழாய்

சான் ஹோசே தெ ஓக்கோவா,
நவம்பர் 14

மரியாதைக்குரிய கொமாத்ரே யுதெல்காவுக்கு,

உங்கள் மகள் அனேலியின் ஞானத்தகப்பன், அந்த முறையில் உங்கள் கொம்பாத்ரே, மெக்கானிக் எலாடியோ எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மத்ரீத்தில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் வீட்டில் லீவு தரவில்லை என்று உங்கள் அக்கா சொன்னார். பிள்ளையின் ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. நூறு பேருக்கு மேல் வந்தார்கள். காப்பியும் இஞ்சித் தேநீரும் கொடுத்தோம். எதிலும் குறை வைக்கவில்லை.

நான் இன்னும் அழவில்லை. மறுநாளே பட்டறையைத் திறந்துவிட்டேன். ஸ்பேனரைக் கையில் எடுக்கிறேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரன் ரதாமேஸ் குடித்துவிட்டுப் பிள்ளையை ஏற்றி வந்தான் என்று நம்பித்தான் அவன் போனை நீங்கள் எடுப்பதில்லை. ஸ்டாண்டில் அவனோடு வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் அதையே பேசுகிறார்கள். போலீஸ்காரர் மூக்கில் ஏறியது குடித்த சாராயத்தின் வாடை அல்ல, உடம்பில் தேய்க்கும் சாராயத் தைலமான பெர்ரோன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, விழுந்த இடத்துக்கு ஓடி வந்த கடைக்காரி ஒரு பாட்டில் பெர்ரோனை அவன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றித் தேய்த்தாள். அதிர்ச்சியில் இருப்பவனுக்கு நம் ஊரில் யாரும் செய்வதுதான்.

வண்டி சறுக்கியதற்குக் காரணம் நான்.

அவன் வண்டியின் எஞ்சின் தேய்ந்து போனது. உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக் குழாய் ஏர் ஃபில்டருக்குள் போகும். ஆவியோடு எண்ணெயும் போய் ஃபில்டர் ஊறிவிட்டது. மேட்டில் வண்டி திணறியது. குழாயை அங்கிருந்து கழற்றி, ஓட்டையை அடைத்து, நீளமான ரப்பர் குழாயாகப் போட்டு, பின் சக்கரத்தையும் தாண்டி விடவேண்டும். எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன். விழுந்ததற்கு முந்தின நாள் அவன் வந்தபோது என்னிடம் நீளக் குழாய் இல்லை. இருந்த துண்டை மாட்டி, பின் சக்கரத்துக்கு முன்னால் கம்பியால் கட்டி, "சனிக்கிழம வாங்க, நீட்டித் தர்றேன்" என்றேன்.

அவன் என் கண்ணெதிரே அரை பாட்டில் எண்ணெய் கூடுதலாக ஊற்றினான். "மூணு பேர ஏத்திக்கிட்டு மேடு ஏறணும் கொம்பாத்ரே, கொஞ்சம் சேத்தே கெடக்கட்டும்" என்றான். ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். மிஞ்சிய எண்ணெய் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சிரித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனேன்.

அது புதன்கிழமை. வியாழன் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இறக்க வளைவில் விழுந்தார்கள். வண்டியை எடுத்துவர நான்தான் போனேன். பின் டயர் ஓரமெல்லாம் எண்ணெய். கொமாத்ரே, நான் துணியை எடுத்து அதைத் துடைத்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

நேற்று அவன் பட்டறைக்கு வந்தான். "மறைக்காம சொல்லுங்க கொம்பாத்ரே, அன்னிக்கி நான் குடிச்சிருந்தேனா? எல்லாரும் சொல்றாங்க, யுதெல்காவும் அப்படித்தான் நம்புறா. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. "அப்ப குடிச்சுத்தான் இருக்கேன்" என்று எழுந்து போனான்.

இன்று காலை போலீஸில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பிறகு அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "என்னைக் காப்பாத்த நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்குறீங்க" என்று என் தோளில் கை வைத்தான். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

போனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நாளை விமானம் ஏறும் உங்கள் அக்கா மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். என் பெயரை உங்கள் வீட்டில் சொல்லவும் வேண்டாம். கன்னித்தாய் உங்களைக் கைவிடாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்வான், எடுங்கள். "நீ குடிக்கல" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவான்.

எலாடியோ