அப்பா அழிக்கவிடாத பெயர்

குளுவாங்

மகளுக்கு,

வரும் சனிக்கிழமை உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை. அடக்கத்துக்கு நீ வராததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பந்து அதிக தூரம் பறக்க, சாஃப்ட்பால் மட்டையின் உட்புறத்தை நீ சுரண்டியிருந்தது தெரிந்ததும் சங்கம் உனக்கு ஆயுள் தடை விதித்தது. தலைவராகக் கையெழுத்திட்டவர் அப்பா. நீ சிங்கப்பூருக்குப் போய்விட்டாய், திரும்பவில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சாதனைப் பலகையிலிருந்து உன் பெயரை அழிக்கச் செயலாளர் தோமஸ் பெயிண்டோடு வந்து நின்றார். அப்பா தடுத்தார்.

"அழிக்காதீங்க லா, தோமஸ். பேஸ்பால்ல ஏமாத்துனவங்க அடிச்ச கணக்கக்கூட அழிக்கிறதில்ல, மாலைதான் போடமாட்டாங்க. பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போடுங்க, இதுல ஏதோ தப்பு இருக்குன்னு தெரியட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பலர் கேட்டார்கள். "என் மகதான். ஏமாத்துனா. ஆனா நல்லா அடிப்பா," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. மருத்துவமனையில் தாதியிடமும் அதையே சொன்னார்.

பூசைக்குப் பின் தேநீரைத் திடலில் வைக்கலாம் என்றது சங்கம். தடை பெற்றவர் திடலில் கால் வைக்கக் கூடாது என்பது அப்பா எழுதிய விதி. அதை மீற எனக்கு உரிமையில்லை. ஆகவே தேநீர் நம் வீட்டில்தான். வீட்டுக்கு அவர் எந்த விதியும் எழுதவில்லை.

அம்மா