லயத்துக்கு இறங்கி வந்தேன்

1943 ஜூலை 4
குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தேன். இடது கால் வீங்கிவிட்டது. மேட்டில் தனி வீடு. கூப்பிட்டால் ரப்பர் மரங்களுக்குத்தான் கேட்கும். கிழங்கு கொண்டுவந்த தாயம்மா பார்த்ததால் தப்பினேன். அவளும் புருஷன் முனியாண்டியும் என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோனார்கள். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக் கொண்டுபோன சன்னாசியின் அறை. அவன் திரும்பும்வரை எனக்காம்.
கணக்கெழுதும் கிராணியின் மனைவியாக முப்பது வருடம் இந்தத் தோட்டத்தில் இருந்தும் லயத்துப் படியை மிதித்ததில்லை. மகள் சரோஜினி வந்து லோபாக்கில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போகட்டும்.

ஜூலை 7
பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவிலுள்ள பலகைத் தடுப்பு கூரைவரை எட்டவில்லை. நான் இருமினால் அந்தப் பக்கமிருந்து தாயம்மா, "என்னாம்மா, சுடுதண்ணி வேணுமா?" ஒரு மனுஷி நிம்மதியாக இருமக்கூட முடியாதா?

ஜூலை 15
ஒருத்தி குளிப்பாட்டுகிறாள், ஒருத்தி தலை வாருகிறாள். எதிர் அறை மயிலம்மாள் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி தன் மாமியாரைப் போலவே நடித்துக் காட்டினாள். சிரித்ததில் வலி தெரியவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் என்ன சொல்வார்? — நல்லவேளை, இல்லை.

ஜூலை 25
சரோஜினி வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. "அம்மா, லயத்திலயோ இருக்கிறியள்? சனம் என்னைத்தான் பேசும்." மாட்டுவண்டியில் புறப்பட்டேன்.

ஆகஸ்ட் 9, லோபாக்
கட்டில், மெத்தை, சன்னல். மகளிடம் குறையில்லை. ஆனால் காலையில் அவள் அரிசி வரிசைக்கு, மருமகன் வேலைக்கு. நானும் காது கேளாத சம்பந்தியம்மாவும் ஆளுக்கொரு அறையில். இன்று வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். என்னவென்று கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 10
லயத்துக்கே திரும்பப் போகிறேன் என்று சரோஜினியிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். "நான் என்ன குறை வைச்சனான்?"
"ஒண்டுமில்லைப் பிள்ளை. இஞ்சை எனக்கு நீ ஒருத்திதான். அங்கை ஒரு லயமே இருக்கு."

ஆகஸ்ட் 14
திரும்பிவிட்டேன். "வந்துட்டீங்கல்ல, சும்மா ஒக்காராம இந்தக் கெழங்க உரிங்கம்மா" என்றாள் தாயம்மா. உரித்தேன்.

செப்டம்பர் 26
கால் நேராகிவிட்டது. மேட்டு வீட்டுக்குப் போகலாமே என்றார் கங்காணி முருகையா. யாரோடு பேச என்று கேட்டேன்.

அக்டோபர் 17
சரோஜினி வந்தாள். வண்டியிலிருந்து அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவும் இறங்கினார், மூட்டையோடு. கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில்லை.
"நாங்கள் வெளியில போனால் இவ தனிய அம்மா. கொஞ்ச நாளைக்கு..." சரோஜினி என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் வாய் திறப்பதற்குள் மயிலம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்து என் அறைக்குள்ளேயே அழைத்துப்போய்விட்டாள். இப்போது அவர் விடும் குறட்டை லயத்தின் கடைசி அறைவரை கேட்கிறது. அவருக்கு இடம் விட்டு என் பாயை நகர்த்திப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.