நாளைக் காலை எட்டு மணிக்கு

இன்று நம் பள்ளியின் ஸ்டோர் அறையைக் காலி செய்தார்கள். பழைய சைக்ளோஸ்டைல் மெஷினை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதை நகர்த்தியபோது பின்னால் கிடந்த ஒரு சின்னப் புட்டி உருண்டு வந்து என் காலடியில் உடைந்தது. ஸ்டென்சிலில் தப்பாகத் தட்டிய எழுத்தின் மேல் பூசுவோமே, அந்தச் சிவப்பு மருந்து. பாதி கட்டியாகிப் போயிருந்தாலும் நகப்பூச்சு மாதிரியான அந்த வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, கண்ணாடி, பாத்து" என்றார் லாரிக்காரர். நான் நகரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நீ நின்றுகொண்டு, "அக்கா, மன்னிச்சிருங்க, தாய்லாந்து டீம் ஒருநாள் முன்னாடியே வருதாம். இன்னொரு தடவ தட்டணும்" என்று சொல்வது கேட்டது. ஒரே அட்டவணையை உனக்காக ஐந்து முறை தட்டினேன். நினைவிருக்கிறதா?

அடுத்த பள்ளித் தவணையோடு எனக்கும் வேலை முடிகிறது. முப்பது வருஷம் இந்த ஆபீஸில் கிராணியாக உட்கார்ந்து ஊரிலுள்ள எல்லோருக்கும் கடிதம் தட்டியிருக்கிறேன். உனக்கு எழுதியதில்லை. உனக்கு எழுத ஒரே ஒரு விஷயந்தான் இருந்தது. அதை எழுதாமலிருக்கப் பதினேழு வருஷமாக ஏதாவதொரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஆறு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி பினாங்கில் நடக்கப்போகிறது, பெண் பிள்ளைகள் தங்குவதற்கும் அவர்களுடைய ஹாக்கிக்கும் நெட்பாலுக்கும் நம் பள்ளி பொறுப்பு என்று தலைமையாசிரியை நம்மைக் கூப்பிட்டுச் சொன்ன நாளில் நீ சிரித்துவிட்டாய். "மேடம், நம்ம ஸ்கூல்ல மொத்தமே நாலு பாத்ரூம்தான்லா" என்றாய். அறையை விட்டு வெளியே வந்ததும் முகம் மாறிவிட்டது. வராந்தாவில் நடந்தபடியே வகுப்பறைகளை எண்ணத் தொடங்கினாய். இங்கே இருபது பாய், இங்கே பதினெட்டு, இந்த அறைக்கு ஃபேன் வேண்டும். நீ விளையாட்டு டீச்சர், நான் ஆபீஸ் கிராணி. கமிட்டியில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். வேலை நம் இரண்டு பேர் தலையில்தான் விழுந்தது.

"புள்ளைங்க பஸ்ஸ விட்டு எறங்குறப்ப படுக்கையும் சோறும் ரெடியா இருந்தா பாதி கேம்ஸ் முடிஞ்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைக்கு நாம் இரண்டு பேரும் போய் நின்றோம். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிற மாதிரி உறைப்பில்லாத கறி வேண்டும் என்று நீ கேட்டதும் கடைக்கார பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், உறைப்பில்லாம வச்சா அத கறின்னு நான் எப்படிச் சொல்றது? என் வாப்பா கபுருல இருந்து எந்திரிச்சு வந்துருவாரு." "கறின்னு சொல்லாதீங்க பாய், சூப்புன்னு சொல்லிருங்க" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். உறைப்பில்லாமலேதான் சமைத்து அனுப்பினார்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும். ஸ்டோர் அறையில் தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்து கதவைச் சாத்தினாய். என் கையைப் பிடித்து உன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாய். பிளவுஸுக்கு மேலேயே தெரிந்தது. புளியங்கொட்டை அளவுக்கு, நகராமல்.

"எத்தன நாளா?"

"தெரியலக்கா. போன மாசம் குளிக்கிறப்பதான் பாத்தேன். கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்துருக்காரு." தேதி போட்டிருந்த சீட்டை எடுத்து நீட்டினாய். தொடக்க விழாவுக்கு அடுத்த நாள். "அன்னிக்கு நான் எப்படிப் போறது? நீங்க போன் போட்டு மாத்திருங்கக்கா. கேம்ஸ் முடிஞ்ச மறுவாரம் போயிர்றேன். இவர்கிட்ட சொல்லாதீங்க, பயந்துருவாரு. பாப்பாவுக்கு ஆறு வயசுதான் ஆவுது."

உன் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஆள் சாது. பயந்துதான் போயிருப்பார். சரி என்றேன்.

ஆனால் உடனே போன் போடவில்லை. தினமும் ஏதோ ஒரு வேலை வந்தது. முதல் அணிகள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் பிற்பகலில்தான் ஞாபகம் வந்து போட்டேன். எடுத்தது ஒரு தமிழ் நர்ஸ். என் மலாயைக் கேட்டதுமே தமிழுக்கு மாறினாள். விஷயத்தைச் சொன்னேன். பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒருத்தங்க வரலன்னு சொல்லிட்டாங்க. அந்த எடம் சும்மாதான் இருக்கு. அவங்கள வரச் சொல்லுங்களேன்."

இதைத்தான் உன்னிடம் நான் சொல்லவில்லை.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து திடல் தெரியும். வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தோடு நடுத்திடலில் நின்று நீ அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கோடு போடுகிறவர்களோடு ஏதோ தர்க்கம். கழுத்தில் விசில். நாற்பது அடி எடுத்து வைத்தால் உன்னிடம் வந்திருப்பேன். ஜன்னலில் கை தட்டிக் கூப்பிட்டிருந்தால்கூடத் திரும்பிப் பார்த்திருப்பாய். நான் நினைத்தது வேறு. நாளைக் காலை தாய்லாந்துப் பிள்ளைகளும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்குவார்கள். ஃபெரி ஏற்றிக் கூட்டி வர நீதான் போகவேண்டும். நீ இல்லாவிட்டால் நான் போகவேண்டும். அவ்வளவு பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எனக்குச் சமாளிக்கத் தெரியாது. பயம். என் பயந்தான் அது.

"நாளைக்கு அவங்களுக்கு முடியாது" என்றேன்.

"அவசரமில்லையா?"

"இல்ல. அவசரமில்ல."

"அப்படின்னா ஆறு வாரம் கழிச்சுத்தான் எடமிருக்கு."

எழுதிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன். "யாழ்ப்பாணத்து ஆளுங்க ஒரு வார்த்த பேசறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிப்பீங்க" என்று என்னைக் கேலி செய்வாயே, அன்றைக்கு நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

சாயங்காலம் சீட்டை உன் கையில் கொடுத்தேன். "ஆறு வாரமா?" என்று ஒரு கணம் அதையே பார்த்தாய். அப்புறம் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாய். "சரிலா. அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ ஃபெரியில் இருந்தாய்.

போட்டி நன்றாக நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் உனக்குக் கோபம் வரும். மூன்றாம் நாள் மதியம் கொட்டிய மழையைச் சொல்கிறேன். நெட்பால் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஹாக்கி இறுதிப் போட்டிக்குத் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். கமிட்டி அதிகாரி குடைக்குள் நின்றுகொண்டு, "ரத்து பண்ணிரலாம், ரெண்டு டீமுக்கும் கோப்பையக் குடுத்துரலாம்" என்றார். நீ குடையில்லாமல் அவர் முன்னால் போய் நின்றாய். "சார், அந்தப் புள்ளைங்க ஒரு வருஷமா இதுக்காக ஓடியிருக்குங்க. பாதிக் கோப்பைய வாங்கிட்டு ஊருக்குப் போய் என்ன சொல்லும்?" அவர் பதில் சொல்வதற்குள் பழைய மெத்தை ஒன்றைக் கிழித்து ஸ்பஞ்சைப் பிய்த்து எடுத்துக்கொண்டு திடலில் மண்டியிட்டுவிட்டாய். ஸ்பஞ்சில் தண்ணீரை ஊறவைத்து வாளியில் பிழிந்தாய். முதலில் நம் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு விளையாட வேண்டிய இரண்டு அணிகளும் வந்தன. சிங்கப்பூர் ஆசிரியை சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. வரிசையாக மண்டியிட்டுத் தண்ணீரைப் பிழிந்துகொண்டே சிரித்தார்கள். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

அன்றைக்கு நீ வாளியைத் தூக்கும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு உன் கூடவே வந்தேன். டாக்டர் உன் அக்குளையும் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. அடுத்த வாரமே அறுவை சிகிச்சை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டும்போது, "இவருக்கு இன்னிக்கு நீங்கதான் சொல்லணும்க்கா" என்றாய். சொன்னேன். அந்த நல்ல மனிதர் என் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பதினெட்டு மாதம். நடுவில் சில மாதம் நீ வேலைக்குக்கூட வந்தாய். தலைமுடி கொட்டியதை மறைக்கத் துண்டு கட்டிக்கொண்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினாய்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன். கட்டிலில் நீ பாதியாகக் கிடந்தாய். என்னைக் கண்டதும் கண்ணில் பழைய குறும்பு வந்தது.

"அக்கா, அந்த மழ. சிங்கப்பூர் டீச்சர் வழுக்கி விழுந்தாங்களே."

"ஆமா."

"நம்ம ரெண்டு பேரும் இல்லன்னா அது நடந்திருக்காது, இல்லக்கா?"

"நடந்திருக்காது" என்றேன்.

என் கையைப் பிடித்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? உனக்கு எஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் அந்த வாரம். அதன் மேல் இதைக் கொண்டுவந்து போட எனக்குத் தைரியமில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கண்ணில் என்னைப் பற்றி இருந்த மதிப்பு போய்விடுமே என்று பயந்ததும் உண்மை. நான்கு நாளில் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம், இதே மாதிரியும் ஆகியிருக்கலாம்." ஒரேயடியாக ஆமாம் என்று சொல்லியிருந்தால் நல்லது என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் உன் மகள் வந்திருந்தாள். உன் பாப்பாதான். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். நீ நடக்கிற மாதிரியே வேகமாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடக்கிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வருவாள், இது இரண்டும் இல்லாத நாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"பெரியம்மா, எனக்கும் ஒரு கட்டி இருந்துச்சு. பயப்படாதீங்க, எடுத்துப் பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா டாக்டர் அம்மாவப் பத்தி நெறைய கேட்டாரு. கண்டுபிடிச்ச பிறகு எவ்வளவு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு. அப்பாவுக்கு எதுவும் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்னாரு."

ஒரு பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஸ்டோர் அறை, சீட்டு, போன், நாளைக் காலை எட்டு மணி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கெரேத்தாவை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மாகிட்ட கேட்டிருந்தாலும் அவங்களும் அதையேதான் சொல்லியிருப்பாங்க பெரியம்மா" என்றாள். "அவங்களப் பத்தி நீங்க எல்லாரும் சொல்றத வச்சுப் பாத்தா, கேம்ஸ விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்க." நான் தலை நிமிர்ந்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. "ஆனா, அத அவங்க வாயால சொல்ல விட்டிருக்கலாம்."

போகும்போது வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் கட்டிக்கொள்கிற மாதிரி இறுக்கி இல்லை. கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். இன்னும் போன் செய்யவில்லை. செய்வாள் என்றுதான் நினைக்கிறேன். செய்யாமல் போனாலும் அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நான் அந்த நாற்பது அடியை நடந்து திடலுக்கு வருகிறேன். நீ அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாய். நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு இடம் இருக்கிறதாம் என்கிறேன். சில நாள், "நாளைக்கா? எப்படிக்கா முடியும், ஃபெரிக்கு யார் போறது?" என்று என்னைக் கோபித்துக்கொள்கிறாய். சில நாள், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரிக்கா, நான் போயிட்டு வந்துர்றேன். ஃபெரிக்கு நீங்க போங்க, பயப்படாதீங்க, புள்ளைங்கதானே" என்கிறாய். இரண்டும் உன் குரல்தான். எது நீ என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.