உனக்கு நான் சொன்ன பத்தொன்பது

மச்சான்,

இன்று காலை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஆல்டரேஷன் கடைக்குப் போனேன். நீ தைத்துக் கொடுத்த சாம்பல் நிறப் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. கடைக்கார அம்மா பின்பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரு சார் தெச்சது? உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டிருக்காரே. நீங்க குண்டாவீங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு." பேண்டைக் கையில் வாங்கி, மடிந்து கிடந்த அந்தத் துணியைத் தடவிப் பார்த்தேன். வெயில் படாததால் அதன் நிறம் அப்படியே இருந்தது.

இரும்புலியூரில் கீழே உன் தையல் கடை, மேலே ஜிம். பகலில் ஆபீசில் ஃபைல் புரட்டும் நான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே 'மாஸ்டர்' ஆகிவிடுவேன். நீ மக்ரிப் தொழுதுவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு மேலே வருவாய். டம்பெல்லைத் தூக்கும்போதுகூட டேப்பைக் கழற்ற மாட்டாய். எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

அந்த வருடம் ஜிம் முதலாளி ஒரு மெஷின் வாங்கி வந்தார். இரண்டு கையாலும் பிடித்தால் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். உன் முறை வந்தபோது இருபத்தொன்பது என்று காட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். கீழே போய் உன் மனைவியிடம், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளிடம், சொன்னதற்கு, "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்ல மெஷின் வேற வேணுமா? என்னைக் கேட்டா நூறுன்னு சொல்லியிருப்பேன்" என்றாளாம். அதை நீயே எனக்குச் சொல்லிச் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடையில் உன் அப்பா உட்கார்ந்து தைத்த நாற்காலியைத் தட்டி, "எங்கத்தா போனது நாப்பத்தி நாலுல. இதே நாற்காலிலதான்டா, நெஞ்சு வலி. எனக்கு இப்போ நாப்பத்தி ரெண்டு" என்றாய். அதற்குப் பிறகு எனக்கு அந்த இருபத்தொன்பது வெறும் எண்ணாக இருக்கவில்லை.

ரம்ஜான் மாதம் மெஷினை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாய். பத்தாம் நோன்போ என்னவோ, கோபமாக வந்து நின்றாய். "இன்னாடா இது பேஜாரு. சஹர் சாப்ட்டு காலைல புடிச்சா இருவத்தாறு. நாள் பூரா தண்ணிகூட குடிக்காம கீறேன், சாயங்காலம் புடிச்சா முப்பது. பட்டினி கெடந்தா கொழுப்பு ஏறுமா?"

சிரித்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மெஷின் கொழுப்பை நேராகப் பார்ப்பதில்லை. உடம்புக்குள் லேசாகக் கரண்டை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கரண்ட் சுலபமாக ஓடும். தண்ணீர் வற்றினால் தடை கூடும். அந்தத் தடையையும் அது கொழுப்பின் கணக்கில் சேர்த்துவிடும். நீ டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாய்.

"அப்போ அது கொழுப்ப அளக்கல மச்சான். தாகத்த அளக்குது."

இதைவிட நன்றாக அந்த மெஷினைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெருநாள் முடிந்த வாரம், தோலைக் கிள்ளி அளக்கும் இடுக்கியை நான் எடுத்தேன். மார்பு, வயிறு, தொடை என மூன்று இடம். கிள்ளிய மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். கை பழகியவன் அளந்தால் மெஷினுக்கு இது குறைந்ததில்லை. ஆனால் அளப்பவன் மனசு கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வயிற்றில் கிள்ளும்போது உன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவன் முகம். முழு மடிப்பையும் பிடிக்காமல் மேலாகக் கிள்ளினேன். முள் காட்டியதையும் குறைத்துச் சொன்னேன். "பத்தொன்பது" என்றேன். நீ என் தோளில் தட்டினாய்.

"எதுதான்டா கரெக்ட்டு?" என்று கேட்டாய். ஸ்கேன் செய்து சொல்கிறார்கள், தண்ணீருக்குள் முக்கி எடை போட்டும் சொல்கிறார்கள், அதிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றேன். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் செத்த உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று படித்ததையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். "அந்தக் கரெக்ட்டு எனக்கு வாணாம்" என்று டீ சொல்லப் போய்விட்டாய்.

நான் மறைத்தது அது மட்டுமில்லை. உன் தொப்பை தளதளவென்று தொங்கும் தொப்பை இல்லை, கல் மாதிரி இருக்கும். அந்த மாதிரி வயிற்றில் கொழுப்பு தோலுக்கு அடியில் இல்லாமல் உள்ளே, குடலைச் சுற்றி இருக்கும். இடுக்கியால் அதைப் பிடிக்கவே முடியாது. இதயத்துக்கு ஆகாத கொழுப்பும் அதுதான். அதைக் காட்டிக்கொடுக்க உன் கழுத்தில் கிடந்த டேப் போதும். இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று. எனக்குத் தெரியும். டேப்பைக் கொடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்ல வழி இருந்திருக்காது.

உன் கடையில் நடக்கும் கூத்தையும் பார்த்தவன்தானே நான். அளவு கொடுக்க வருகிற ஆசாமிகள் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "மூச்ச வுடுங்க சார்" என்பாய். விட மாட்டார்கள். நீ டேப்பில் ஒரு விரல் லூஸ் விட்டு, "முப்பத்தி நாலு சார், அப்படியே மெயின்டெய்ன் பண்றீங்க" என்று சொல்லி, நோட்டில் முப்பத்தாறு என்று எழுதுவாய். ஏன்டா என்றால், "வாயால சொல்றது ஆளுக்கு, நோட்ல எழுதுறது துணிக்கு" என்பாய்.

நீ நாற்பத்து நாலைத் தாண்டினாய். நாற்பத்தைந்தையும் தாண்டினாய். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டும்போது, நாற்பத்தேழில், போய்விட்டாய். உன்னைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் தையல் இல்லை, இடுப்பளவும் இல்லை. உன் ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்களுக்குப் பின்னால் நடக்கும்போது எனக்கு ஒரே எண்ணம்தான் ஓடியது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டரிடம் போயிருப்பாயே. என் பத்தொன்பதை நம்பித்தானே இருந்துவிட்டாய். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது தாங்கவில்லை. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் உன் அளவு நோட்டை எடுத்து வந்தாள்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணே. வந்ததும் சொன்னாரு, மச்சான் லூஸ் வுட்டுட்டான்னு. டேப்ப என் கைல குடுத்து, நீ அளன்னாரு. மறுநாளே டாக்டர்கிட்ட போயி மாத்திரை எழுதிகினு வந்தாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம், மனசு கஷ்டப்படுவான்னு சொல்லிட்டாரு."

வாடிக்கையாளர்கள் பேருக்கு நடுவே ஒரு பக்கம். உன் கோணல் எழுத்து. 'ஆள்: நான். கழுத்து பதினஞ்சரை. இடுப்பு நாற்பத்தி ஒண்ணு. மச்சான் சொன்னது பத்தொன்பது. லூஸ்.' அதற்குக் கீழே மாதா மாதம் இடுப்பளவு மட்டும். நாற்பதரை, நாற்பது, முப்பத்தொன்பது. கடைசியாக எழுதியது முப்பத்தாறரை. விடியற்காலை ஏரிக்கரையில் நீ நடந்ததைப் பார்த்திருக்கிறேன். சும்மா காற்று வாங்குகிறாய் என்று நினைத்தேன்.

கழுத்து, இடுப்பு, உயரம் மூன்றும் இருந்தால் கொழுப்பைக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. உன் உயரம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முதலில் முப்பது பக்கம், கடைசியில் இருபத்து நாலு பக்கம். மூன்று நாலு இப்படி அப்படி இருக்கலாம். எந்த வழியும் அவ்வளவுதான். ஆனால் ஒரே டேப், ஒரே கை, மாதா மாதம் அதே இடம். குறைந்தது பொய்யில்லை.

அந்த மாத்திரையும் நடையும் உனக்கு எத்தனை வருடம் சேர்த்துக் கொடுத்தன என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. உன் அத்தாவைவிட மூன்று வருடம் அதிகம் இருந்தாய். அதைப் பிடித்துக்கொள்கிறேன். கோபமும் இருக்கிறது. என்னைத் திட்டியிருக்கலாம். என் பொய்யை எனக்கே தெரியாமல் திருத்தி எழுதிவிட்டு, சாயங்காலம் வந்து டீ வாங்கிக் கொடுத்தாய் பார், அந்தக் கொழுப்பை எந்த மெஷினில் அளப்பது?

இன்று அந்தக் கடைக்கார அம்மா டேப்பை எடுத்தபோது நான் வயிற்றை உள்ளே இழுத்திருந்தேன். உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது. மூச்சை விட்டேன். "ரெண்டு இஞ்சும் பிரிச்சிடவா சார்?" என்று கேட்டார்.

ஓர் இஞ்ச் போதும் என்றேன். நாளையிலிருந்து நடக்கப் போகிறேன். இன்னோர் இஞ்ச், நீ விட்ட இடத்திலேயே இருக்கட்டும்.